தப்பு என்று தெரிந்தும் கூட்டத்தோடு சேர்ந்து கை தூக்குவது ஏன்?

ஏதோ ஆபீஸ் மீட்டிங்கில் மனசுக்கு ஒப்பாத ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்காக உங்களைக் கோழை என்று திட்டிக்கொள்ளாதீர்கள்.

1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் மூன்று கோடுகளையும் தனியாக ஒரு கோட்டையும் காட்டி, அந்தத் தனிக் கோட்டின் நீளம் மூன்றில் எதற்கு இருக்கிறது என்று கேட்டார். பார்த்தாலே தெரியும். ஆனால் கூட இருந்தவர்கள் ஆஷ் சொல்லிவைத்த ஆட்கள். ஒரே குரலில் தப்பாகச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பையே சொன்னார்கள். தனித்துத் தெரிய வேண்டாமென்று அப்படிச் சொன்னவர்களும் உண்டு, தன் கண்ணில்தான் கோளாறு என்று நம்பியவர்களும் உண்டு.

அமெரிக்கக்காரன் கதை நமக்கெதற்கு என்பீர்கள். மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் பொதுக்குழுவில் நடந்ததைக் கேளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் முன்பக்க லிஃப்டில் ஏறக்கூடாது, பின்பக்க லிஃப்ட்தான் என்று தீர்மானம். முந்தின நாள் வரை மாடிப்படியில் என்னிடம் "இது அநியாயம் பாய்" என்றவர்களே, செக்ரட்டரி முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். என் அம்மா மாட்டுங்காவில் பாத்திரம் தேய்த்து எங்களை வளர்த்தவள். மாடி மாடியாக ஏறித்தான் அவள் முழங்கால் போயிற்று. நான் எழுந்து, எனக்குச் சம்மதமில்லை, மினிட்ஸில் எழுதுங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இரண்டாம் மாடி மராத்திக்கார அம்மா, நாங்கள் காக்கு என்று கூப்பிடுகிறவர், "எனக்கும் சம்மதமில்லை" என்றார். அவ்வளவுதான், தூக்கிய கைகள் இறங்க ஆரம்பித்தன. தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள், இன்றுவரை எடுக்கவில்லை. ஆஷும் இதைப் பார்த்திருக்கிறார்: சரியான பதிலைச் சொல்லும் ஆள் பக்கத்தில் ஒரே ஒருவர் இருந்தாலே, கூட்டத்துக்குப் பணிவது வெகுவாகக் குறைந்துவிடும்.

பெருமைக்கு எழுதுகிறான் என்பார்கள். பெருமைதான், அம்மாவுக்காக. செக்ரட்டரியையும் நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. கொரோனா சமயத்தில் ராத்திரியெல்லாம் ஆக்சிஜன் தேடி அலைந்தவர் அவர். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பின்பக்க லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. மெயின்டனன்ஸ் பில்லில் மட்டும் அதற்கான காசு மாசா மாசம் வருகிறது. எங்கே போகிறது என்று கேட்டால் இன்றைக்கும் பதில் கிடையாது.

"ஊரோடு ஒத்து வாழ்" என்று சொல்ல வருபவர்களுக்கு: தினமும் நம் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் ஊர்தானே?

அடுத்த மீட்டிங்குக்கு முன் உங்களைப் போல நினைக்கும் ஒருவரைத் தனியே பிடித்து, "நான் பேசி முடித்ததும் நீங்கள் பேசுங்கள்" என்று சொல்லிவையுங்கள். முடிந்தால் கை தூக்குவதற்குப் பதில் சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். தன் பதிலைத் தனியாக எழுதித் தந்தபோது ஆஷின் மாணவர்களும் பெரும்பாலும் கண்ணில் கண்டதைத்தான் எழுதினார்கள்.