ராபர்ட் கென்னடி கொலையில் நேரில் பார்த்தவர்களை நம்புவதா, பிரேதப் பரிசோதனையை நம்புவதா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் சட்டம் படிக்கிறவர் போலத் தெரிகிறது. கண்ணால் கண்ட சாட்சி இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று வகுப்பில் யாராவது அடித்துப் பேசியிருப்பார்கள். நான் வக்கீல் இல்லை, ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். ஆனால் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவன். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

வழக்கு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1968 ஜூன் 5, நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரம். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி, கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கலிஃபோர்னியா முதன்மைத் தேர்தலில் ஜெயித்து, லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஹோட்டலில் பேசிவிட்டுச் சமையலறையை ஒட்டிய வழியாக வெளியேறுகிறார். அந்தக் குறுகலான இடத்தில் எழுபது பேருக்கு மேல் நெருக்கியடித்து நிற்கிறார்கள். 24 வயது சிர்ஹான் சிர்ஹான், எட்டுத் தோட்டா கொள்ளும் .22 ரிவால்வரால் சுடுகிறார். கென்னடி மறுநாள் இறந்துவிட்டார். இன்னும் ஐந்து பேருக்குக் குண்டுக்காயம். இதில் தகராறு இல்லை.

தகராறு தூரத்திலும் திசையிலும்தான். கென்னடியைக் கைப்பிடித்து அழைத்துப் போனவர் ஹோட்டல் ஊழியர் கார்ல் யூக்கர். சிர்ஹான் மேல் பாய்ந்து கையைப் பிடித்து அமுக்கியவரும் அவர்தான். சிர்ஹான் முன்பக்கமிருந்து வந்தார், துப்பாக்கி முனை ஒன்றரை, இரண்டு அடிக்குக் கிட்டே வரவே இல்லை என்பது அவர் வாக்குமூலம். பிரேதப் பரிசோதனை செய்த தாமஸ் நொகுச்சியோ வேறு சொல்கிறார். கென்னடி உடம்பில் பாய்ந்த மூன்று குண்டுகளும் பின்னாலிருந்து போனவை. உயிரை எடுத்த குண்டு வலது காதுக்குப் பின்னால் நுழைந்தது. அங்கே படிந்திருந்த வெடிமருந்துத் துகளை வைத்து, பன்றிக் காதுகளைச் சுட்டுப் பார்த்து ஒப்பிட்டு, துப்பாக்கி காதிலிருந்து சுமார் ஓர் அங்குலத்தில் இருந்தது என்றார்.

ஒன்றரை அடி எங்கே, ஓர் அங்குலம் எங்கே? இரண்டாவது ஆள் ஒருவன் பின்னால் நின்று சுட்டான் என்ற வாதம் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

உடனே கருத்துப் பகுதியில் என்னைச் சதிக்கதைக்காரன் என்று எழுத வேண்டாம். சிர்ஹான் நிரபராதி என்று நான் சொல்லவே இல்லை. யூக்கர் பொய் சொன்னார் என்றும் சொல்ல மாட்டேன். ஏன் என்பதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

2011-இல் ஒரு சாயங்காலம், ஆறே முக்கால் இருக்கும். என் கடைக்கு எதிரே நின்றிருந்த டவுன் பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு டிப்பர் லாரி தவறான பக்கம் ஏறி வந்தது. எதிரே பைக்கில் வந்த பையன், இருபத்திரண்டு வயது, நேராக அதில் மாட்டினான். லாரி ஏறி வந்ததைப் பார்த்தேன். மோதியதையும் பார்த்தேன். அவன் ஹெல்மெட் உருண்டு வந்து என் கடைப் படியில் முட்டி நின்றது. ஓடினேன். தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்துவிட்டான்.

அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி நான். சாட்சி சொல்லக் கூப்பிட்டது 2015-இல். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, "சம்பவ இடம் உங்க கடையிலேர்ந்து எத்தனை அடி?"

"ஒரு இருபது அடி இருக்கும்" என்றேன். மனசார அப்படித்தான் நினைத்தேன்.

போலீஸ் போட்ட மாதிரி வரைபடத்தை எடுத்து நீட்டினார் வக்கீல். அதில் 47 அடி. "தினமும் அடிக்கணக்குல பைப் அறுத்து விக்கிறவர் நீங்க. இருபதுக்கும் நாப்பத்தேழுக்கும் வித்தியாசம் தெரியாதா? நீங்க அன்னைக்கு அங்கே இல்லவே இல்லைன்னு சொல்றேன்."

வாயடைத்துப் போனேன். பத்தடிக் குழாயைக் கண்ணாலேயே அளந்து சொல்கிறவன் நான். அன்று சாயங்காலமே போய் டேப் பிடித்துப் பார்த்தேன். வரைபடம்தான் சரி. நான் எப்படி இருபது என்றேன்? ஹெல்மெட் என் காலடிக்கு வந்ததால், மொத்த விபத்தையும் மனசு அருகில் இழுத்து வைத்துக்கொண்டது. வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. லாரி எந்தப் பக்கம் வந்தது என்பதில் இன்றுவரை எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஆனால் தூரத்தில் பிசகியதால் திசையும் போச்சு. டிரைவருக்குச் சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுதலை செய்துவிட்டார்கள்.

இன்னொன்று சொன்னால் வயிறு எரியும். அந்த ஹெல்மெட்டை என் கையால் எடுத்து ஒரு போலீஸ்காரரிடம் கொடுத்தேன். கைப்பற்றிய பொருட்களை எழுதும் மகஜரில் அது ஏறவே இல்லை. டயர் தேய்த்த தடத்தை அன்றிரவு மழை கழுவிவிட்டது. பைக் நான்கு வருஷம் வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்தது. தடயம் பொய் சொல்லாது என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். யார் கையில் இருந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கென்னடி வழக்கிலும் இதுதானே நடந்தது. குண்டுத் துளை இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட கதவுச் சட்டங்களையும், கூரைப் பலகைகளையும் 1969-இல், மேல்முறையீட்டு வாய்ப்பு முடியும் முன்பே, லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் அழித்துவிட்டது. எட்டுக்கு மேல் குண்டு பறந்ததா என்பதற்கு அந்த மரம்தான் பதில் சொல்லியிருக்கும். 1975-இல் ஏழு துப்பாக்கி நிபுணர்கள் மறுபடி சோதித்தார்கள். இரண்டாவது துப்பாக்கிக்குச் சான்று கிடைக்கவில்லை என்றார்கள். குண்டுகள் சிர்ஹானின் துப்பாக்கியிலிருந்துதான் வந்தன என்று உறுதிசெய்யவும் அவர்களால் முடியவில்லை. எல்லாவற்றையும் விட எனக்குக் கஷ்டமாக இருப்பது, விசாரணையில் இந்த ஓர் அங்குலத்தை யாரும் பிடித்துக் கேட்கவில்லை என்பது. சிர்ஹான் சுட்டதையே அவர் தரப்பு மறுக்கவில்லை. மனநிலை சரியில்லாதவர் என்றுதான் வாதாடியது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில். யூக்கர் கையைப் பிடித்தேன் என்றால் நம்புகிறேன். அது அவர் உடம்புக்குத் தெரியும். ஒன்றரை அடி என்பதை நம்ப மாட்டேன். வெடிச் சத்தம், அலறல், கூட்டம் என்று இருக்கிற அந்த நேரத்தில் யாரும் அடிக்கோல் வைத்துப் பார்ப்பதில்லை. அந்த ஓர் அங்குலத்தை ஏற்கிறேன், ஏனென்றால் தோலில் படிந்த துகளுக்கு ஞாபகப் பிசகு கிடையாது. பின்பக்கக் காயம் என்பதற்காக மட்டும் இரண்டாவது ஆளைக் கொண்டுவரவும் மாட்டேன். கென்னடி ஹோட்டல் ஊழியர்களுக்குக் கைகொடுக்கத் திரும்பிய நேரம் அது. திரும்பிய மனிதனுக்கு முன் எது, பின் எது? ஆனால் கென்னடியோடு நடந்து வந்து, தானும் தலையில் குண்டு வாங்கிப் பிழைத்த தொழிற்சங்கத் தலைவர் பால் ஷ்ரேட், இரண்டாவது ஆள் இருந்தான் என்று கடைசிவரை நம்பினார். 2016-இல் பரோல் விசாரணைக்கே போய் சிர்ஹானுக்காகப் பேசினார். அவரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

கேள்விக்கு வெளியே ஒன்று, மன்னியுங்கள். சாட்சியாக ஏழு முறை போனேன். ஆறு முறை வாய்தா. உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. குற்றம் சாட்டப்பட்ட டிரைவர், செத்த பையனின் அப்பா, நான், மூன்று பேரும் ஒரே வராந்தாவில் நின்றோம். டவாலி பெயர் கூப்பிடும்போது டீ குடிக்கப் போயிருந்தால் பிடிவாரண்ட் என்று மிரட்டல் வேறு. ஏழு நாள் கடையை மூடியதற்கு யார் கணக்குச் சொல்வது? சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை என்று குறைபடுகிறவர்கள் ஒரு நாள் அங்கே வந்து நின்று பார்க்கட்டும்.

என் சாட்சி முடிந்த அன்று அந்த அப்பா வராந்தாவில் என் பக்கம் வந்தார். தூரத்தைப் பற்றித் திட்டுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, அவன் தண்ணி கேட்டான்னு சொன்னீங்களே. குடிச்சானா?"

"ரெண்டு வாய் குடிச்சான்யா" என்றேன்.