மலைச்சரிவில் ஒரு பண்பாட்டுக் கூடம்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கேள்விகள் கோத்தகிரிச் சரிவிலுள்ள இருளர், குறும்பர் ஊர்களிலிருந்து வந்தவை.

கேள்வி: எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை பண்பாட்டு மையம் கட்டித் தர முன்வந்திருக்கிறது. குடிசை வடிவில் கான்கிரீட் மண்டபம், உள்ளே மேடை என்று வரைபடம் வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பெரியவர்கள் பக்கமே நில்லுங்கள். வட்டமாகச் சுற்றி ஆடும் ஆட்டத்தை மேடையில் ஏற்றினால் ஆடுபவர்கள் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று பிரிந்துபோகும். முதலில் களத்தை அளந்து ஒதுக்குங்கள். கட்டடம் அதற்குப் பிறகுதான்.

நாற்பது பேர் ஆடினால், ஆளுக்கு இரண்டரை அடி வைத்து வட்டத்தின் சுற்றளவு 100 அடி வரும். குறுக்களவு 32 அடி. பார்ப்பவர்கள் உட்கார, நிற்கச் சுற்றிலும் 8 அடி விட்டால் மொத்தம் 48 அடி. தளம் திமிசு போட்டு இறுக்கிய மண்ணாகவே இருக்கட்டும். இரவெல்லாம் வெறுங்காலில் ஆடுகிறவர்களுக்குச் சிமென்ட் தரை குதிகாலைப் பதம் பார்த்துவிடும். களத்தின் ஓரத்துக்கு ஓரம் ஓரடிச் சரிவு, மேட்டுப் பக்கம் மழைநீரை மடைமாற்ற ஒரு கால்வாய், இவை இரண்டும் இருந்தால் சேறாகாது.

வரைபடங்களில் அநேகமாக எப்போதும் விட்டுப்போவது ஒன்று உண்டு: தீ. மூடுபனியில் தோல் வாத்தியம் தொய்ந்துபோகும். அனலில் காட்டினால்தான் நாதம் வரும். இதற்கு இடம் ஒதுக்காவிட்டால் திண்ணையில் தீ மூட்டுவார்கள், சுவரும் கூரையும் கரியாகும், பிறகு ‘தீ மூட்டக் கூடாது’ என்று பலகை மாட்டுவார்கள். அதோடு ஆட்டமும் குறைந்துவிடும். களத்தின் ஓரமாக, கூடத்திலிருந்து 20 அடி தள்ளி, 3 அடி அகலத்தில் கல் அடுப்புக்குழி அமைத்து, நான்கு கல்தூண்களின் மேல் சின்ன ஓட்டுக்கூரை போடுங்கள். பக்கங்களை அடைக்க வேண்டாம்.

கூடத்துக்கு 20க்கு 30 அடி போதும். களத்தைப் பார்த்த பக்கம் 8 அடித் திண்ணை கண்டிப்பாக வேண்டும். அன்றாடப் புழக்கம் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: உள்ளூர் மண்ணிலேயே சுவர் எழுப்ப முடியுமா? முன்பு கட்டிய மண்சுவர் ஒன்று இரண்டே மழையில் அடியில் கரைந்துவிட்டது.

முடியும். மேல்மண்ணில் இலைமக்கு கலந்திருக்கும், அது ஆகாது. இரண்டடி தோண்டி அதற்குக் கீழே உள்ள மண்ணை எடுங்கள். கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படியும். களி கால் பங்குக்கு மேல் போனால் மண்கல் (சுடாத செங்கல்) காயும்போது வெடிக்கும். மணல் சேர்க்க வேண்டும்.

அடுத்து, 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, பிசைந்த மண்ணை அடைத்து நிழலில் காயவிடுங்கள். நீளத்தில் 15 மி.மீ.க்குள் சுருங்கினால் 5 அல்லது 6 விழுக்காடு சிமென்ட் கலந்து கை அழுத்த இயந்திரத்தில் கல் அறுக்கலாம். 45 மி.மீ.யைத் தாண்டினால் மணல் கலந்து மறுபடி சோதியுங்கள். அறுத்த கல்லை முதல் வாரம் தார்ப்பாயால் மூடி ஈரம் காக்க வேண்டும், பிறகு மூன்று வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவசரப்பட்டு இதில் குறைத்தால் ஓரங்கள் உதிரும். ஜனவரியில் தொடங்கினால் மழைக்கு முன் வேலை முடியும்.

உங்கள் பழைய சுவர் கரைந்ததற்கு மண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. தாழ்வாரத்திலிருந்து விழும் நீர் தரையில் பட்டுத் தெறித்து அடிச்சுவரைத் தின்றிருக்கும். தரைக்கு மேல் 2 அடி கருங்கல் அடிமானம், சுவரைத் தாண்டி 3 அடி நீளும் கூரை விளிம்பு (இறவாணம்), இரண்டும் சேர்ந்து வேண்டும். சிமென்ட் பூச்சு பூசாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சு விடச் செய்யும்.

கேள்வி: கூரைக்குப் புல்லா, ஓடா? மூங்கில் சட்டம் போடலாமா?

புல் வேய்வது அழகுதான். ஆனால் சில ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். மலைப் புல்வெளிகளைச் சீகை (வாட்டில்) மரமும் உண்ணிச்செடியும் (லாண்டானா) பிடித்துவிட்ட நிலையில் அத்தனை புல்லுக்கு எங்கே போவது? அடுப்புக்குழியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஓடு போடுங்கள். குரங்குத் தொல்லை இருந்தால் விளிம்பு ஓடுகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

மூங்கில் மூன்று, நான்கு வயது முற்றியதாக, மழை ஓய்ந்த பிறகு வெட்டியதாக இருக்க வேண்டும். இளங்கழியில் மாவுச்சத்து அதிகம், உளுவண்டு பொடியாக்கிவிடும். கணுக்களைக் கம்பியால் துளைத்து, 100 லிட்டர் தண்ணீருக்கு வெண்காரம் (போராக்ஸ்) 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ கரைத்த தொட்டியில் பத்து நாள் ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். மழை நேரடியாகப் படும் இடத்தில் இந்த மருந்து கரைந்துபோகும் என்பதால் மூங்கிலைக் கூரைக்கு அடியில் மட்டும் வையுங்கள்.

சன்னல் தட்டிகளுக்கு உண்ணிச்செடிக் கழியே போதும். வேகவைத்து, பட்டை உரித்து, சூடு ஆறுவதற்குள் வளைக்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் இதில்தான் ஆளுயரத்தை மிஞ்சும் யானைகள் செய்கிறார்கள்.

கூரைப் பரப்பு 100 சதுர மீட்டர் வந்தால் 50 மி.மீ. மழையில் 4,000 லிட்டர் வரை சேமிக்கலாம். ஒவ்வொரு மழையிலும் முதல் 150 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள். இன்னொன்று: எண்ணெய், வெல்லம், தேன் எதையும் இரவில் கூடத்தில் வைக்காதீர்கள். வாசனைக்குக் கரடி கதவை உடைத்துக்கொண்டு வரும்.

கேள்வி: இடம் காட்டு எல்லைக்குள் வருகிறது. அனுமதி கிடைக்குமா?

வன உரிமைச் சட்டம், 2006, பிரிவு 3(2) அனுமதிக்கும் 13 வசதிகளில் சமுதாயக் கூடமும் ஒன்று. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அரசு நிர்வகிக்கும் வசதிகளுக்கு மட்டுமே இந்தப் பிரிவு பொருந்தும். எனவே அறக்கட்டளை தனியாகக் கட்ட முடியாது. ஊராட்சி அல்லது பழங்குடியினர் நலத்துறை வழியாகப் போங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் கூடத்தின் பயன்பாட்டை ஊர்க்குழு தீர்மானிக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: சாமிப் பொருட்களையும் காட்சிக்கு வைக்கச் சொல்கிறார்கள் அறக்கட்டளையினர். சுவரில் குறும்பர் ஓவியம் வரைய வெளியூர் ஓவியரை அழைக்கிறார்கள். சம்மதிக்கலாமா?

இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் உலுரு என்ற பெரும்பாறை அருகே 1995-இல் திறந்த பண்பாட்டு மையத்தைப் பாருங்கள். அந்த இடத்துப் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் மணலில் கோடு போட்டுக் காட்டியதிலிருந்து கட்டடத்தின் வடிவம் பிறந்தது; சுவர்கள் மண்கல். இன்றும் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. எதைக் காட்டுவது, எதைக் காட்டக் கூடாது என்பதை அந்த மக்களே வகுத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை ஊர்க் குறும்பர்கள் வேங்கைப் பிசினும் இலைச்சாறும் மண்ணும் கொண்டு வரைகிறார்கள். இருக்கும் ஓவியர்களை விட்டு வெளியாளைக் கூப்பிடுவது அநியாயம். கூலியையும், படத்தைப் பிரதி எடுத்து விற்றால் யாருக்குப் பங்கு என்பதையும் வரையத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். சுண்ணாம்பின் காரம் இலைச்சாற்று நிறத்தை மாற்றிவிடும். ஆகவே திண்ணையின் உட்சுவரில், தரையிலிருந்து மூன்றடிக்கு மேல், சுண்ணாம்பு படாத மண்பூச்சுப் பட்டை ஒன்றை ஓவியத்துக்கென்று விட்டுவையுங்கள். ஆண்டுதோறும் வெள்ளையடிக்க வருபவரிடமும் அதைச் சொல்லிவையுங்கள்.