திறன் சார்ந்த உடற்தகுதிக் கூறுகள் எவை, அவற்றை எப்படி வளர்ப்பது?

நாள்தோறும் 5 கிலோமீட்டர் ஓடியும் இறகுப்பந்து ஆடுகையில் பந்தை எட்ட முடியவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நெடுந்தூர ஓட்டம் வளர்ப்பது தாக்குப்பிடிக்கும் ஆற்றலை. அது உடல்நலம் சார்ந்த கூறு. ஆட்டத்திற்கு வேண்டிய வேகம், சுறுசுறுப்பு (சட்டெனத் திசை மாறும் திறன்), சமநிலை, ஒருங்கிணைப்பு, வெடிப்பாற்றல் (நொடியில் முழு விசையையும் வெளிப்படுத்தும் திறன்), எதிர்வினை நேரம் ஆகிய ஆறும் திறன் சார்ந்தவை. நரம்புகளும் தசைகளும் இணைந்து கற்க வேண்டியவை என்பதால், களைப்படையும் முன்பே இவற்றைப் பயில வேண்டும்.

வேகத்திற்கு 20 முதல் 30 மீட்டர் வரை முழு விசையோடு ஓடி, 2 அல்லது 3 நிமிடம் ஓய்வெடுத்த பின்னரே மீண்டும் ஓடுங்கள். ஓய்வைக் குறைத்தால் வியர்வை பெருகுமே தவிர வேகம் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்.

சுறுசுறுப்புக்குக் கூம்புகளைச் சுற்றி ஓடுவது தொடக்கம் மட்டுமே. எந்தப் பக்கம் திரும்புவது என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மூளைக்கு வேலையில்லை. ஆகவே, தோழர் ஒருவர் கடைசி நொடியில் கைகாட்டும் திசையில் திரும்பிப் பழகுங்கள். திரும்புமுன் இடுப்பைத் தாழ்த்தி, சிற்றடிகளால் வேகத்தைத் தணிப்பது முழங்காலைக் காக்கும்.

எதிர்வினை நேரத்தை அளக்க ஓர் அளவுகோல் போதும். மற்றவர் முன்னறிவிப்பின்றி அதை நழுவவிட, நீங்கள் விரல்களால் பிடியுங்கள்: 20 சென்டிமீட்டர் விழுந்திருந்தால் ஏறத்தாழ 0.2 நொடி. சுவரில் எறிந்த பந்தை ஒற்றைக்காலில் நின்று பிடிப்பது சமநிலை, ஒருங்கிணைப்பு இரண்டிற்கும் உதவும். வெடிப்பாற்றலுக்குத் தாவல் பயிற்சிகள் ஏற்றவை. ஓசையின்றித் தரையிறங்கப் பழகிய பிறகே உயரத்தைக் கூட்டுங்கள்.