கொனோரியாவும் வெட்டைச் சூடும் ஒன்றா?

கொனோரியா என்பது உடலுறவால் தொற்றும் ஒரு பால்வினை நோய். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ‘விந்து ஒழுகல்’ என்று பொருள். ஆனால் ஒழுகுவது விந்து அல்ல, சீழ். உங்கள் லேப் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ‘இது வெட்டைச் சூடுதானா, ஆண்மை வடிகிறதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்மை வடியவில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலென் காலத்தில் அதை விந்து என்றே நினைத்தார்கள். 1879இல் ஆல்பர்ட் நைசர் அந்தச் சீழில் கிருமியைக் கண்டார். கிருமிக்கு அவர் பெயரே வந்தது. நோயின் பழைய பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

குழப்பம் அநேகமாக நம் ‘வெட்டை’யால்தான். சூட்டால் வரும் சிறுநீர் எரிச்சல், வெள்ளைப்படுதல், இந்த நோய் மூன்றையும் ஊரில் அந்த ஒரே சொல்லால் சொல்வார்கள். ஏற்காட்டுக் குளிரில் தண்ணீர் குடிக்காமல் காபித் தோட்டத்தில் நின்றால் வரும் எரிச்சலுக்கு உங்கள் பாட்டி சொல்லும் இளநீர் போதும். கிருமிக்கு இளநீர் என்ன செய்யும், பாவம்!

செய்ய வேண்டியது:

1. காலையில் உள்ளாடையில் மஞ்சள் கறை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் ரிப்போர்ட்டை நம்புங்கள்.

2. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். கூச்சமாக இருந்தால் முதலில் அரசின் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.

மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பல பழைய மருந்துகளுக்கு இந்தக் கிருமி இப்போது அசைவதில்லை. மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது.