முதலில் காற்று, அப்புறம் குழாய்

கேள்வி: எத்தனாலில் படிகமாக்கிய பொருளைப் பூக்னர் புனலில் (துளையுள்ள தட்டில் தாளை வைத்து, கீழிருந்து காற்றை உறிஞ்சி வடிகட்டும் புனல்) வடிகட்டிவிட்டு, காற்றை உறிஞ்சுவதற்காக ஓடவிட்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடினேன். உடனே ரப்பர் டியூப் வழியாகத் தண்ணீர் குடுவைக்குள் ஏறி, வடிநீர் கெட்டுவிட்டது. கொஞ்சம் தூளும் வடிதாளைத் தாண்டிக் கீழே போயிருந்தது. எங்கே தவறு?
– வேதியியல் மாணவி ஒருவர்

பதில்: படிக்கும் காலத்தில் எனக்கும் இதே நடந்தது. டைபென்சால் அசிட்டோன் என்ற மஞ்சள் சேர்மத்தைச் செய்திருந்தேன். மஞ்சள் வடிநீரைக் குளிரவைத்து இரண்டாம் முறை படிகம் எடுக்கலாமென்று இருந்தபோது, உள்ளே பாய்ந்த தண்ணீரில் அது பால்போலக் கலங்கிப்போனது. அன்று பட்ட வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

ஓடும் தண்ணீர் குடுவையிலிருக்கும் காற்றை இழுத்துக்கொண்டே போகிறது. குழாயை மூடியதும் இழுப்பு நின்றுவிடும்; ஆனால் குடுவைக்குள் அழுத்தம் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். வெளிக்காற்று மிச்சத் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். அதனால் முதலில் குடுவையின் பக்கக் குழலிலிருந்து டியூபைக் கழற்றுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்ட பிறகே குழாயை மூடுங்கள். பக்கத்து மேசையில் யாராவது குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் குறைந்தாலும் இதே கதைதான். ஆகவே குழாய்க்கும் வடிநீர்க் குடுவைக்கும் இடையில் ஒரு காலிக் குடுவை கட்டாயம் இருக்கட்டும். அதுவும் தடித்த சுவருள்ள குடுவையாக இருக்க வேண்டும். சாதாரணக் கூம்புக் குடுவை வெற்றிடத்தில் உள்நோக்கி நொறுங்கலாம்.

தூள் இறங்கியதற்குப் பெரும்பாலும் தாள்தான் காரணம். துளைகள் அனைத்தையும் மூடவேண்டும், ஆனால் ஓரம் புனலின் சுவரில் ஏறக்கூடாது; ஏறினால் மடிப்பு விழுந்து இடுக்கு வழியாகத் தூள் போய்விடும். எத்தனாலாலேயே தாளை நனைத்து, உறிஞ்சவிட்டு, அது தட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகு ஊற்றுங்கள். தூள் மிக நுண்ணியது என்றால் தாளை மாற்றுங்கள்: வாட்மேன் என்ற வடிதாள் வகையில் 1ஆம் எண் தாள் சுமார் 11 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள துகள்களைத்தான் பிடிக்கும், 42ஆம் எண் தாள் 2.5 மைக்ரான் அளவு சிறிய துகள்களையும் பிடிக்கும். ஆனால் பொறுமை வேண்டும், மெதுவாகத்தான் வடியும்.

இன்னொன்று: கழுவும்போது உறிஞ்சுதலை நிறுத்திவிட்டு, குளிர்ந்த எத்தனாலைக் கொஞ்சமாக ஊற்றி, படிகங்கள் முழுக்க நனைந்த பிறகு மறுபடி உறிஞ்சவிடுங்கள். படிவில் வெடிப்பு விழுந்தால் கண்ணாடி மூடியின் தட்டையான பக்கத்தால் அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றும் எத்தனாலும் அந்த வெடிப்பு வழியாகவே போய்விடும், மற்ற இடம் கழுவப்படாமலே நிற்கும்.