'செவரலி' என்றால் ஆளுக்கொரு பங்கு அல்ல

கேள்வி: என் மைத்துனரின் 12 லட்ச ரூபாய் வங்கிக் கடனுக்கு மூன்று பேர் ஜாமீன் போடுகிறோம். பத்திரத்தில் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று இருக்கிறது. "செவரலி என்றால் தனித்தனியாக. உங்கள் பொறுப்பு 4 லட்சம்தான்" என்கிறார் ஏஜென்ட். சரிதானா?

பதில்: இல்லை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள்.

'செவரல்' என்றால் 'பல' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சட்ட ஆங்கிலத்தில் 'ஜாயின்ட்லி' என்றால் சேர்ந்து; 'செவரலி' என்பதற்குத் தனித்தனியாக என்றே பொருள். ஆனால் தனித்தனியாகப் பிரிவது ஆட்கள், தொகை அல்ல. வங்கி மூவர்மீதும் சேர்த்து வழக்குப் போடலாம். உங்கள் ஒருவரிடமே 12 லட்சத்தையும் வட்டியையும் கேட்கலாம். மாதச் சம்பளக்காரரைத்தான் முதலில் தேடி வருவார்கள்.

"முதலில் மைத்துனரிடம் கேளுங்கள்" என்றும் சொல்ல முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. நீங்கள் கட்டியபின் மற்ற இருவரிடம் அவரவர் பங்கைக் கேட்கலாம்தான். அதற்கு நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

'செவரலி'யை அடித்துவிட்டால் போதும் என்று ஏஜென்ட் அடுத்து சொல்வார். நம்பாதீர்கள். சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் எவரிடமும் முழுவதையும் கேட்க 43-ஆவது பிரிவே இடம் தருகிறது.

ஒரு விலக்கு உண்டு: 'செவரலி அண்ட் நாட் ஜாயின்ட்லி'. அப்படி இருந்தால் அவரவர் பங்கு மட்டுமே. லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் ஒரே பாலிசியைப் பலர் பங்குபோட்டு ஏற்பது இந்த முறையில்தான்; ஒருவர் நொடித்தாலும் அவர் பங்கு மற்றவர் தலையில் விழாது. அந்த 'நாட்' இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். வங்கி ஜாமீன் பத்திரத்தில் நான் பார்த்ததே இல்லை.

"சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்பவருக்குக் கடன் கைக்கு வந்தால் கமிஷன். தவணை நின்றால் அவர் போனை எடுக்க மாட்டார். வங்கிகளும் பொடி எழுத்து ஆங்கிலத்தில் கட்டுக் காகிதத்தை நீட்டி, பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்குகின்றன. தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மேலாளரை நேரில் பாருங்கள். உங்கள் பொறுப்பு 4 லட்சமும் அதற்கான வட்டியும் மட்டுமே என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஏஜென்ட் தனித்தாளில் எழுதித் தருவது வங்கியைக் கட்டாது. மேலாளர் மறுத்தால், 12 லட்சத்தையும் நீங்களே கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.