14 கனவா, 16 கனவா? மகாவீரர் நாடகம் போடும் ஆசிரியைக்கு

கேள்வி: சென்னையில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். மகாவீரர் ஜெயந்திக்கு இருபது நிமிட நாடகம் போடுகிறோம். தாய் திரிசலை கனவு காணும் காட்சிக்கு 14 அட்டைப் படங்கள் செய்தாகிவிட்டது. சௌகார்பேட்டையிலிருந்து வரும் மாணவியின் அம்மா பார்த்துவிட்டுச் சரி என்றார். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பையனின் பாட்டியோ, "பதினாறு கனவும்மா, ரெண்டு குறையுதே" என்கிறார். மகாவீரருக்குத் திருமணம் ஆனதா என்பதிலும் இருவரும் எதிரெதிர். யார் சொல்வது சரி? முடிவில் யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றவர்கள் கதையையும் வைத்திருக்கிறோம். மேடைக்குப் பின்னால் தொங்கவிட 'வாழு, வாழவிடு' என்று ஒரு பேனர். நிகழ்ச்சி முடிய ஆறரை ஆகும். பிறகு எல்லோருக்கும் சமோசா, டீ. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: அட்டையிலிருந்தே தொடங்குகிறேன், ஓவிய ஆசிரியர் காத்திருப்பார். அந்த அம்மாவும் சரி, பாட்டியும் சரி. சௌகார்பேட்டைக் குடும்பம் அநேகமாக சுவேதாம்பரர் (வெள்ளை உடைத் துறவிகளைக் கொண்ட சமணப் பிரிவு). அவர்கள் கணக்கில் கனவு 14. தமிழ்ச் சமணர்கள் திகம்பரர் (உடை துறந்த துறவிகளைக் கொண்ட பிரிவு). அவர்கள் கணக்கில் 16. ஆனால் பாட்டி நினைப்பதுபோல் இரண்டு குறையவில்லை. மூன்று குறைகிறது, ஒன்று கூடுதலாக இருக்கிறது! யானை, காளை, சிங்கம், திருமகள், மாலை, நிலவு, சூரியன், நீர்க்குடம், தாமரைக் குளம், கடல், தேவ விமானம், மணிக்குவியல், புகையில்லாத தீ – இந்தப் பதின்மூன்றும் இரு தரப்புக்கும் பொது. சுவேதாம்பரர் இதனுடன் கொடியைச் சேர்ப்பார்கள். திகம்பரர் கொடியை விட்டுவிட்டு இரட்டை மீன், சிங்காசனம், நாகர் மாளிகை என்று மூன்றைச் சேர்ப்பார்கள்.

ஆகவே இன்னும் மூன்று அட்டை செய்தால் போதும். பதின்மூன்றையும் எல்லாப் பிள்ளைகளும் தூக்கிக் காட்டட்டும். பிறகு அந்த மாணவி கொடியோடு வந்து "எங்கள் வீட்டில் இதையும் சொல்வார்கள்" என்று ஒரு வரி சொல்லட்டும். பையன் மூன்று அட்டையோடு வந்து தன் வரியைச் சொல்லட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது, பாட்டியும் முன்வரிசையில் நிம்மதியாக உட்காருவார்.

திருமணமும் இதே போன்றதுதான். யசோதை என்ற மனைவி, பிரியதர்சனா என்ற மகள், ஜமாலி என்ற மருமகன் – இது சுவேதாம்பரர் வழக்கு. திகம்பரர், அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை என்பார்கள். துறவு பூண்டபோது பெற்றோர் உயிரோடு இருந்தார்களா என்பதிலும் இரண்டு கருத்து உண்டு. பாதி இங்கே பாதி அங்கே எடுத்து ஒரு கதையாகக் கலக்காதீர்கள். அது இரு வீட்டிலும் கேட்டறியாத மூன்றாவது கதையாகிவிடும். இருபது நிமிடத்தில் யசோதைக்குக் காட்சி தேவையே இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன. இன்றைய பீகாரில் குண்டக்கிராமத்தில் சித்தார்த்தர், திரிசலை தம்பதிக்குச் சைத்திர (சாந்திரமான) மாத வளர்பிறைத் திரயோதசியில் பிறந்தவர், இயற்பெயர் வர்த்தமானர். (குண்டக்கிராமம் வைசாலிப் பக்கமா, நாலந்தாப் பக்கமா, ஜமுய் மாவட்டமா என்று மூன்று இடங்கள் உரிமை கோருகின்றன. மூன்றும் பீகாரில்தான், தப்பித்தீர்கள்.) 30 வயதில் துறவு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் தவம், பிறகு முழுதுணர்வு, சுமார் முப்பது ஆண்டு அறவுரை. 72 வயதில், தீபாவளி அமாவாசையன்று பாவாபுரியில் வீடுபேறு. மரபுக் கணக்கில் கி.மு. 599 முதல் 527 வரை. வரலாற்றாசிரியர் பலர் இன்னும் பின்னால் தள்ளுவதால், மேடையில் "சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன்" என்பதே நல்லது. ஒரு தவறை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள்: அவர் சமணத்தை 'நிறுவியவர்' அல்லர், 24-ஆம் தீர்த்தங்கரர், அதாவது வழிகாட்டும் அருகர் வரிசையில் இருபத்துநான்காமவர். அவருக்கு முன்னவர் காசியில் பிறந்த பார்சுவநாதர். மகாவீரரின் பெற்றோரே பார்சுவநாதரின் வழிவந்தவர்கள் என்று பழைய சமண நூலான ஆசாராங்க சூத்திரம் சொல்கிறது.

நாடகத்துக்கு உயிர் கொடுக்கக்கூடியது அந்தத் தவக்காலம். நம் பள்ளி நாடகங்களில் அதை "பின்னர் அவர் கடுந்தவம் செய்தார்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். ஆசாராங்க சூத்திரத்தில் ஒரு பகுதி, இன்றைய மேற்கு வங்கப் பக்கத்து லாட நாட்டில் அவர் அலைந்ததைச் சொல்கிறது. அந்த ஊர்க்காரர்கள் நாய்களை ஏவிவிடுவார்கள். எப்படி? "சுச்சூ" என்று கூவி! நம் தெருவில் "சூ... சூ..." என்று நாயை உசுப்புகிறோமே, ஏறக்குறைய அதே ஒலி, அவ்வளவு பழைய பிராகிருத நூலில். மற்றத் துறவிகள் அந்தப் பக்கம் போகும்போது கையில் தடி எடுத்துப் போனார்களாம். இவர் தடி இல்லாமல் போனார். நாயைத் தடுத்தவர்கள் மிகச் சிலரே. இது சுவேதாம்பர ஆகமம். இன்று கிடைக்கும் ஆகமங்களை மூல ஆகமங்களாகத் திகம்பரர் ஏற்பதில்லை. ஆனாலும் இந்தப் பன்னிரண்டு ஆண்டுத் துன்பத்தை அவர் எதிர்க்காமல் தாங்கினார் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. நாய் வேடத்துக்கு வகுப்பில் போட்டி நடக்கும், பாருங்கள்.

இங்கேதான் உடைச் சிக்கல். சுவேதாம்பரர், பதின்மூன்று மாதம் ஒரு துணி இருந்தது, பிறகு அதையும் விட்டார் என்பார்கள். திகம்பரர், துறந்த கணத்திலேயே துணியையும் துறந்தார் என்பார்கள். எந்த உடை போட்டாலும் யாரோ ஒருவர் முகம் சுளிப்பார். துறவுக்குப் பிறகு மகாவீரராக எந்தப் பையனையும் நிறுத்தாதீர்கள். மேடையில் ஒரு வெளிச்ச வட்டம், திரைக்குப் பின்னால் குரல், அவ்வளவே. தீர்த்தங்கரர் வேடத்தில் ஒரு மாணவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிடும் ஆபத்தும் இதில் இல்லை.

அடுத்த காட்சி இந்திரபூதி கௌதமர். ஐந்நூறு மாணவர்களுடன் இருந்த மகத நாட்டு வேத பண்டிதர். வாதத்தில் வென்றுவிடலாம் என்று வந்தவர், முதல் சீடராகிவிட்டார். பதினொரு கணதரர்களில், அதாவது தலைமைச் சீடர்களில், இவரே தலைவர். தம்பிகள் அக்கினிபூதி, வாயுபூதியும் சேர்ந்துகொண்டார்கள். சந்திப்பு நடந்த இடமும் விதமும் மரபுக்கு மரபு மாறும், அதற்குள் போகவேண்டாம். சுவேதாம்பர வழக்கில், இந்திரபூதி வாய்திறக்கும் முன்பே "உயிர் என்று ஒன்று உண்டா என்பதுதானே உன் ஐயம்?" என்று மகாவீரர் கேட்டுவிடுகிறார். பண்டித உடையிலேயே அவரை நிறுத்துங்கள். துறவி வேடம் போட்டால், கையில் திகம்பரர் வழக்கப்படி மயிற்பீலியா, சுவேதாம்பரர் வழக்கப்படி கம்பளி விளக்குமாறா என்று அடுத்த கேள்வி வரும்.

போதனைக்கு ஐந்து விரதங்களை ஒப்பிக்க வைப்பது வழக்கம்: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமச்சரியம், மிகுபொருள் விரும்பாமை. இவை துறவிக்கு முழு அளவில், இல்லறத்தாருக்குச் சிற்றளவில் என்பதையும் ஒரு வரி சேருங்கள். ஆனால் பட்டியல் பிள்ளைகள் மனத்தில் நிற்காது. சிலப்பதிகாரத்தில் வரும் சமணப் பெண்துறவி கவுந்தியடிகளைத் துணைக்கு அழையுங்கள். மதுரைக்குப் போகும் வழியில் கோவலனிடம் அவர் எச்சரிக்கிறார்: வயல் வழியாகப் போனால் கரையில் ஊரும் புள்ளி நண்டும் நத்தையும் நம் காலடியில் நசுங்கும், அந்தத் துன்பத்தைத் தாங்க முடியாது. கொல்லாமை என்றால் என்ன என்று ஏழாம் வகுப்புக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

யானைக் கதையை எடுத்துவிடலாம். பௌத்த நூலான உதானத்தில் புத்தர் சொல்வதாக வருவது அது. உண்மைக்குப் பல பக்கங்கள் உண்டு என்னும் அநேகாந்தவாதத்தை விளக்கச் சமணர்கள் அதைப் பயன்படுத்தியதுண்டு, ஆனால் மகாவீரர் வாய்மொழியாக மேடையில் வைப்பது பொருந்தாது. உங்கள் கனவு அட்டைக் காட்சியே அந்த வேலையைச் செய்துவிடும். பேனரையும் மாற்றுங்கள். 'வாழு, வாழவிடு' அவர் வாக்கு அல்ல. 'அஹிம்சா பரமோ தர்ம:' எழுதலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது மகாபாரதத்தில் வருவது. தத்துவார்த்த சூத்திரத்தில் 'பரஸ்பரோபக்ரஹோ ஜீவானாம்' என்று ஒரு வரி உண்டு: உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் இருப்பவை. இரு பிரிவும் ஏற்கும் நூல் அது. 2500-ஆம் வீடுபேற்று ஆண்டையொட்டி 1974-75-இல் எல்லாப் பிரிவினரும் ஏற்ற சமணச் சின்னத்தின் அடியிலும் இந்த வரிதான் இருக்கிறது.

குழுவாகப் பாட ஒன்று வேண்டுமென்றால் சுவேதாம்பர ஆகமமான உத்தராத்யயன சூத்திரத்தின் பத்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். பழுத்த இலை உதிர்வதுபோல, புல்நுனியில் தொங்கும் பனித்துளிபோல மனித வாழ்வு என்று சொல்லிக்கொண்டே போய், பாட்டுக்குப் பாட்டு ஒரே வரியில் முடியும்: "சமயம் கோயம மா பமாயஏ" – கௌதமா, ஒரு கணமும் அயராதே. அந்தப் பிராகிருத வரியை அப்படியே பிள்ளைகள் பாடலாம், நாக்கில் எளிதாகப் படியும்.

முடிவுக் காட்சியில் விளக்குகள். அறிவொளி மறைந்தது, இனி மண்விளக்கேனும் ஏற்றுவோம் என்று அந்த இரவில் அரசர்கள் தீபம் ஏற்றியதாகச் சுவேதாம்பர நூலான கல்பசூத்திரம் சொல்கிறது. தமிழ்ச் சமணர் வீடுகளில் தீபாவளி மகாவீரர் வீடுபேற்று நாளாகத்தான் நடக்கிறது. அரங்கில் பேட்டரி விளக்கு வையுங்கள்; அகல் வைத்தால் ஈசல் வந்து விழும், அதைப் பாட்டி பார்த்துவிடுவார்.

கடைசியாக சமோசா. உருளைக்கிழங்கும் வெங்காயமும் மண்ணுக்கடியில் விளைபவை, நோன்பைக் கடைப்பிடிக்கும் சமணர்கள் தொடமாட்டார்கள். பலர் பொழுது சாய்ந்தபின் எதையும் உண்பதில்லை. ஏப்ரலில் சென்னையில் சுமார் 6.20-க்கே சூரியன் மறைந்துவிடும். வாழைப்பழமும் பொரிகடலையும் வாங்கி, நாடகம் தொடங்கும் முன், ஐந்தரைக்குள் கொடுத்துவிடுங்கள்.